மேஜருக்கு வந்த உண்ணிக் காய்ச்சல்

போன மாதம் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்கள் நாங்கள் சிலர் கூடியிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், இப்போது வேலையில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய அக்கா அமெரிக்காவில் இருக்கிறாராம். அவர் வளர்க்கும் நாயின் காதில் மான் உண்ணி ஒன்று ஒட்டியிருந்ததாம். அது கடித்தால் நாய்க்குக் காய்ச்சல் வந்து, மூட்டு வீங்கி, நொண்ட ஆரம்பித்துவிடுமாம். அக்கா பயந்துபோய் போன் போட்டிருக்கிறார். தம்பியான இவர் மாதம் ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பிஸ்கட் மாதிரி இருக்குமாம், நாய் கேட்டு வாங்கித் தின்னுமாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்? உண்ணிக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"நாய்க்கு நீலம் போடுவோம்" என்றேன்.

வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை நினைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை அவருக்கு விளக்கப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து உண்ணி மானைத் தேடிப் போகிற உண்ணி அல்ல. அதற்கு ஒரு நாயும் ஒரு விரிசல் விட்ட சுவரும் இருந்தால் போதும். வயிறு முட்டக் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, விரிசலுக்குள் புகுந்து முட்டை போடும். கயிற்றுக் கட்டிலின் மடிப்பு கிடைத்தால் இன்னும் விசேஷம். குஞ்சுகள் பொரித்து வெளியே வந்ததும் மறுபடி நாய்தான். நாயைக் குளிப்பாட்டிவிட்டு உண்ணியை ஒழித்ததாக நினைப்பவர்கள், வீட்டில் வாடகைக்கு இருப்பவனை விட்டுவிட்டு அவன் வெளியே கழற்றிப் போட்ட செருப்பை மட்டும் விரட்டியவர்கள்.

இதையெல்லாம் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சென்னையில் படித்த வருஷங்களில் மாடு, மாடு, மறுபடியும் மாடு. நாய்க்கு மிச்சம் மீதி. எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் உதவி மருத்துவராக வந்து சேர்ந்தபோது, உண்ணி என்றால் அருவருப்பான ஒரு பூச்சி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வைத்தவர் எங்கள் பெரிய டாக்டர் வேதமாணிக்கம்.

ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். நாய், மாடு, ஆடு என்று எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் "நோயாளி". நோயாளி உள்ளே வந்ததும் முதலில் அதற்குத்தான் வணக்கம். உடையவர் வாயைத் திறந்தால் ஒரு விரலைத் தூக்குவார். "இருங்க. முதல்ல அவர் சொல்லட்டும்" என்பார். எருமை மாடு சொல்லி முடிக்கும்வரை உடையவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

உண்ணி எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. இடுக்கியை உண்ணியின் வயிற்றில் போடக் கூடாது. தோலோடு ஒட்டி, அதன் வாய் எங்கே கடித்திருக்கிறதோ அங்கே பிடிக்க வேண்டும். திருகக் கூடாது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நேராக, ஒரே சீராக, அது தானாக விடும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்ததை ஸ்பிரிட் பாட்டிலில் போட வேண்டும். நகத்தில் வைத்து நசுக்கினால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அதைவிடக் கோபம், மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டோ பீடியால் சுட்டுக்கொண்டோ வருகிறவர்கள்மேல். "உன்னை ஒருத்தன் சாப்பிடுறப்போ சூடு வச்சா என்ன பண்ணுவ? கக்குவ. அதுவும் கக்கும். எங்க கக்கும்? நோயாளியோட ரத்தத்துல கக்கும்" என்பார். சாப்பிடும்போது இதைச் சொல்வார் என்பதுதான் சங்கடம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் காய்ச்சலுக்கு ஊசி போடக் கூடாது. அதனால் அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் கண்ணாடிச் சாமி.

இப்போது மேஜர் வருகிறார்.

ஒரு நாள் காலை நான் வெளியே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். விளாங்குடிக்காரர், பெயர் பெரியகருப்பன். நெல் விவசாயம். முகம் வாடிப் போயிருந்தது.

"ஐயா, மேஜருக்கு ரொம்ப முடியலங்கய்யா. அன்னந்தண்ணி எறங்க மாட்டேங்குது. எந்திரிச்சு உக்காரவே மாட்டேங்குறாக" என்றார்.

"இது மாட்டாஸ்பத்திரி, பெரியவரே. மேஜரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அங்கன சேத்துக்கிருவாகளா?"

"மிலிட்டரி ஆபீசர்னா ஓடி வந்து சேத்துக்குவாங்க."

பாவம், அவர் நம்பிவிட்டார். கும்பிட்டுவிட்டுப் போய் வண்டிமாட்டைத் திருப்பினார். வண்டியின் பின்பக்கம் விரித்திருந்த வைக்கோல் மேல் ஜமுக்காளம், அதன்மேல் ஒரு அம்மாள், அவர் மடியில் போர்வை போர்த்திய உருவம். வண்டி திரும்பியபோது போர்வைக்கு வெளியே ஒரு வால் தொங்குவதைப் பார்த்தேன்.

ஓடினேன். "பெரியவரே! மேஜருக்கு வால் இருக்கே!"

அவர் வண்டியை நிறுத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாயின்னா வால் இருக்காதுங்களா?"

அவர் மனைவி அங்கம்மாள்தான் விளக்கினார். அவர்கள் மகள் செல்விக்கு ஒத்தக்கடையில் மாப்பிள்ளை பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை பட்டாளத்தில் சிப்பாய். தன் நாய்க்கு அவர் வைத்த பெயர் மேஜர். பட்டாளத்தில் யாருக்கு விறைப்பாக சல்யூட் அடிக்கிறாரோ, அந்தப் பதவியை ஊரில் நாய்க்குக் கொடுத்து "உக்காரு, எந்திரி" என்று உத்தரவு போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறார். லீவு முடிந்து போகும்போது, கல்யாணம்வரை நாயைப் பெண் வீட்டில் விட்டு வைக்கும்படி அவருடைய அம்மா சொல்லிவிட்டார். புது வீட்டு வேலை நடக்கிறது, நாய் சிமெண்டை மிதிக்கிறது என்று காரணம்.

"மாப்ள வீட்டுலேர்ந்து வந்தவுகள வாடா போடான்னா கூப்புடுறது? வாய் வர மாட்டேங்குது டாக்டரய்யா. அதான் வாங்க போங்கன்னே பழகிருச்சு. இவுகளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா சம்பந்தி அம்மா வெத்தல பாக்கத் திருப்பி எறிஞ்சுருவாக. ஏற்கனவே அவுகளுக்கு வேற எடத்து மேல ஒரு கண்ணு" என்று சொல்லி அழுதுவிட்டார்.

மேஜரை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். கோம்பை நாய். நல்ல உயரம், கறுத்த மூக்கு. மற்றபடி என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. காது முதல் வால்வரை மஞ்சள். உண்ணி விழட்டும் என்று வீட்டில் மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தார்கள். நலங்கு வைத்த மாப்பிள்ளை போலப் படுத்திருந்தார்.

டாக்டர் வேதமாணிக்கம் வழக்கம் போல "வணக்கம்" என்றார். பெரியகருப்பன், நாயின் மரியாதை தெரிந்த ஒரு மனிதரை முதல் தடவையாகப் பார்த்த மகிழ்ச்சியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

காய்ச்சல் கொதித்தது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணிகள் ஆமணக்குக் கொட்டைமுத்து அளவுக்கு ஊதியிருந்தன. உண்ணி விதைத்துவிட்டுப் போகிற கிருமி ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளும். நாய்க்கு ரத்தம் சுண்டும். ஈறும் கண்ணும் மஞ்சள் பூக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இந்த மூன்றையும் பார்த்துத்தான் பாதி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். டாக்டர் உதட்டைத் தூக்கினார். ஈறு மஞ்சள்.

நான் சந்தோஷமாக, "மஞ்சக்காமாலை சார்" என்றேன்.

அங்கம்மாள், "இல்லங்கய்யா, வயித்துப் பூச்சிக்கு மஞ்ச உருண்ட குடுத்தேன்" என்றார்.

டாக்டர் கண் இமையை விலக்கினார். வெள்ளை விழியும் மஞ்சள்.

"கண்ணு செவந்து கெடந்துச்சு. மஞ்சத் தண்ணி விட்டேன்."

"ஒண்ணுக்கு எந்த நிறத்துல போறார்?" என்று கேட்டார் டாக்டர்.

"காப்பி மாதிரி போறாக."

டாக்டரின் முகம் தெளிந்தது. ஆனால் பெரியகருப்பன் நேர்மையான மனிதர். உள்ளதை ஒளிக்கத் தெரியாது. "காலையில தெம்புக்கு ரெண்டு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடுத்தமுங்கய்யா" என்றார்.

கழுத்துப் பொத்தானை டாக்டர் வேதமாணிக்கம் கழற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கருப்பட்டிக் காப்பி குடித்தால் காப்பி நிறத்தில் போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு கலப்படம் நடந்த நோயாளியிடம் எதைத்தான் நம்புவது? "நோயாளியோட வாயை இவங்க மூடிட்டாங்கப்பா. இனிமே கண்ணாடிதான் பேசணும்" என்றார்.

காது மடலின் ஓரத்தில் முடியை வழித்து, ஸ்பிரிட்டால் மஞ்சளைத் துடைத்துத் துடைத்து, ஊசி முனையால் குத்தினோம். வந்த சொட்டு சிவப்பாக இல்லை, தண்ணீர் விட்ட குங்குமம் மாதிரி இருந்தது. அதைக் கண்ணாடித் துண்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே தள்ளு. நடுவில் கை நின்றால் திட்டாகிவிடும், பார்க்க முடியாது. காற்றில் உலர்த்தி, சாயம் ஊற்றிக் காத்திருந்து, கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்தோம். அன்றைக்குக் கரண்டு இல்லை. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்தார். மேகம் வந்தால் காத்திருப்பார், மேகம் போனால் பார்ப்பார். அங்கம்மாள் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் கழித்து, "வந்து பாருப்பா" என்றார். பார்த்தேன். ஒரு சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டு கிருமிகள், காம்போடு காம்பு ஒட்டிக்கொண்டு. பக்கத்து அணுவில் இன்னொரு ஜோடி. சந்தேகமே இல்லை, உண்ணிக் காய்ச்சல்தான்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. அப்போது வந்திருந்த புது ஊசி மருந்து எங்களிடம் தீர்ந்து போயிருந்தது. ஊர் முழுக்க ஆள் அனுப்பியும் கிடைக்கவில்லை. டாக்டர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பழைய காலத்து மருந்து. சாயப்பட்டறைச் சாயத்துக்குப் பங்காளி என்று சொல்லலாம். கரைத்தால் கருநீலம். ரத்தக்குழாயில் மட்டுமே போட வேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை புண்ணாகி அழுகிவிடும்.

மேஜரின் முன்னங்காலை நான் பிடித்துக்கொண்டேன். ரத்தம் சுண்டிய நாய்க்கு நரம்பு எங்கே தெரியப் போகிறது? டாக்டர் விரலால் தடவித் தடவித் தேடினார். ஊசி உள்ளே போனதும் முதலில் கொஞ்சம் ரத்தத்தை இழுத்துப் பார்த்து, பிறகு ஒரு நூல் அளவு தள்ளுவார், நிறுத்துவார், நாயின் மூச்சைப் பார்ப்பார், மறுபடி தள்ளுவார். மேஜர் ஒரு முனகல்கூட முனகவில்லை. மற்ற நாயாக இருந்தால் என் கை போயிருக்கும். முனகத் தெம்பு இல்லாத நாயைப் பார்த்து எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஊசியை எடுத்ததும் டாக்டர் தன் வழக்கப்படி சுருக்கமாகச் சொன்னார். "நாளைக்கு நிறம் மாறும். பயப்படாதீங்க."

பெரியகருப்பன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூன்று பேரும் ஒன்றைத்தான் புரிந்துகொண்டோம் என்று நினைத்தோம். பெரியகருப்பன் புரிந்துகொண்டது, மஞ்சள் போய்விடும் என்று.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி திறந்த கையோடு விளாங்குடியிலிருந்து ஒருவர் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்தார். "மேஜருக்கு நீலம் பாரிச்சிருச்சு! நாக்கு, ஈறு, அம்புட்டும் நீலம்! ஊசியில வெசம் ஏறிருச்சுன்னு ஒரே அழுக! ஒத்தக்கடையிலேர்ந்து சம்பந்தி அம்மா வேற வந்து எறங்கிட்டாக!"

நம் ஊரில் நீலம் பாரித்தது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாம்பு கடித்தவனுக்குப் பாரிக்கும், பாலிடால் பூச்சிமருந்து குடித்தவனுக்குப் பாரிக்கும். அடுத்தது பாடைதான்.

டாக்டர் நிதானமாக, "நான்தான் சொன்னேனே, நிறம் மாறும்னு. நீ போய் நோயாளி உக்காந்திருக்காரா, படுத்திருக்காரான்னு மட்டும் பாத்துட்டு வா" என்றார். அடி வாங்கும் இடத்துக்கு உதவி மருத்துவரை அனுப்புவது எங்கள் துறையில் அன்றைக்கே இருந்த நல்ல பழக்கம்.

திண்டுக்கல் ரோட்டில் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கூட்டம். நடு முற்றத்தில் கயிற்றுக் கட்டில். அதில் மேஜர். வெளியே மஞ்சள், உள்ளே நீலம், வயிற்றில் முடி குறைந்த இடத்தில் இரண்டும் கலந்து நல்ல பச்சை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு நாயை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் சம்பந்தி அம்மா ராக்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். கட்டிலின் கால்மாட்டில் தரையில் ஒரு பெண் உட்கார்ந்து நாயின் விரல் இடுக்கில் உண்ணி தேடிக்கொண்டிருந்தாள். அதுதான் செல்வி. இத்தனை ரகளையிலும் அவள் தலை நிமிரவில்லை.

"நீதான் ஊசி போட்ட டாக்டரா தம்பி?" என்றார் ராக்கம்மா.

"பெரிய டாக்டர் போட்டார். நான் காலைப் பிடிச்சேன்."

"யாரு கால?"

"நாயோட காலை."

மருந்தின் நிறமே நீலம், விஷம் இல்லை, சாயம்தான் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் என் கையை நீட்டினேன். நேற்றுப் பாட்டிலைக் கழுவியதில் விரல்களில் நீலம் ஏறியிருந்தது. "பாருங்கம்மா, எனக்கும்தான் நீலம். நான் நல்லாத்தானே இருக்கேன்?"

ராக்கம்மா என் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நாளைக்கும் இருந்தா நம்புறேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அங்கம்மாள் பக்கம் திரும்பி, "மதினி, நான் ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன். வந்த நாய வச்சுக் காப்பாத்தத் தெரியாத வீட்டுல எப்பிடிச் சம்பந்தம் பண்றது? எம்மகனுக்கு நான் என்ன பதில் எழுதுறது? இது எந்திரிக்கலைன்னா, வெத்தல பாக்கத் திருப்பி வாங்கிக்கங்க" என்றார். பெரியகருப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மேஜரின் காதைத் தொட்டுப் பார்த்தேன். சூடு குறைந்திருந்தது. நேற்று முனகக்கூட முடியாத நாய், என் கையை முகர்ந்துவிட்டு உறுமியது. என் வாழ்க்கையில் எந்த நாயின் உறுமலும் அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. "எழுந்திருப்பான். கூப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

ராக்கம்மா தள்ளி நின்று, "டேய் மேஜர்! வாடா! எந்திரிடா!" என்று அதட்டினார். ஒத்தக்கடையில் அவர் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். மேஜர் கண்ணைத் திறந்தார். அவரைப் பார்த்தார். திரும்பவும் மூடிக்கொண்டார்.

"பாத்தீகளா?" என்றார் ராக்கம்மா.

அப்போதுதான் செல்வி வாயைத் திறந்தாள். முற்றத்தின் மறுகோடிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "மேஜர், எந்திரிங்க. இங்கிட்டு வாங்க. வந்து ஒரு வாயி குடிச்சுட்டுப் படுத்துக்கங்க."

மேஜர் எழுந்தார். முன்னங்கால் மடங்கியது. சமாளித்தார். கட்டிலை விட்டு இறங்கி, தள்ளாடித் தள்ளாடி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, ராக்கம்மாவைத் தாண்டி நடந்து போய்க் கஞ்சியில் வாயை வைத்தார். நீல நாக்கு கஞ்சியை நக்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. பெரியகருப்பன் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. மறைப்பானேன்?

ராக்கம்மா அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மருமகளாக வரப் போகிறவளை அவர் பூவும் நகையுமாகப் பார்த்திருக்கிறார். கையெல்லாம் மஞ்சளும் உண்ணி ரத்தமுமாக இப்போதுதான் பார்க்கிறார். இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"எங்க வீட்டு நாய்க்கே இம்புட்டு மருவாதின்னா, எனக்கு எம்புட்டு இருக்கும்!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு அங்கம்மாளிடம், "என்ன மதினி மரம் மாதிரி நிக்கிறீக? காப்பி போடுறது" என்றார். கருப்பட்டிக் காப்பி வந்தது. மேஜருக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

சுவர் விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவும், கயிற்றுக் கட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்து வெயிலில் போடவும், மஞ்சளைத் தயவுசெய்து சமையலோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் சைக்கிளை எடுக்கும்போது செல்வி பின்னாலேயே வந்தாள். கை கழுவியிருந்தாள்.

"டாக்டரய்யா, நெசமாவே பொழச்சுக்கிருவாகளா? எங்கம்மாவுக்காகச் சொல்லாதீக."

"நிஜமாத்தான்மா. ரத்தம் ஊற நாளாகும். ஆனா பிழைச்சாச்சு."

"கல்யாணத்துக்குப் பெறகு மேஜர் ஒத்தக்கடைக்கு வந்துருவாகளா?"

"அவங்க வீட்டு நாய்தானே. வரும்."

"அப்பச் சரி" என்றாள். பிறகு, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வெத்தல பாக்கு மாத்துன அன்னிக்கு நான் குனிஞ்ச தல நிமிரல. அவுக மொகத்தக்கூட நான் சரியாப் பாக்கல டாக்டரய்யா. ஆளு எப்பிடின்னு ஒண்ணுந் தெரியாது. மேஜரத்தான் தெரியும். இம்புட்டு நல்ல நாய வளத்த மனுசன் கெட்டவுகளாவா இருப்பாக?"